பள்ளிக்கூடங்களின் கதை – 7: ஒரு பிள்ளைக்கு 140 பவுண்டு

1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கல்வி அமைச்சகம் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு வரம்பை அறிவித்தது. 1950ஆம் ஆண்டுத் திட்டத்தில் சேரும் தொடக்கப் பள்ளி எதுவானாலும், ஒரு பிள்ளைக்கான இடத்துக்கு 170 பவுண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். இடைநிலைப் பள்ளியென்றால் 290 பவுண்டு. அதுவரை தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 200 பவுண்டும், இடைநிலைப் பள்ளியில் 300க்கு மேலும் ஆகிவந்தது. இந்த வரம்பே கட்டுப்படியாகாது என்று மன்றங்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே, 1951ஆம் ஆண்டுக்கு 140, 240 என்று அடுத்த வெட்டு விழுந்தது. தொடக்கப் பள்ளிக் கணக்கில் இரண்டே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கழிந்துபோயிற்று. இவ்வளவு இறுக்கிப் பிடித்த கையிலிருந்து நல்ல பள்ளிகள் வந்திருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தன என்பதுதான் வரலாறு. அந்தப் பத்தாண்டில் எழுந்த ஆங்கிலேயப் பள்ளிகளைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து கட்டடக் கலைஞர்கள் போனார்கள். அதே வரம்பின் கீழ் வளர்ந்த பழக்கங்கள் அரை நூற்றாண்டு கழித்துப் பிள்ளைகளின் தலைமேல் கூரையை ஆட்டங்காண வைத்தன என்பதும் அதே வரலாறுதான். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும்? செலவுக்கு வரம்பு போடுவது சரியா தவறா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்த வரம்பு எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்று பார்க்க வேண்டும்.

சென்ற பகுதியை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். எல்லாருக்கும் கட்டணமில்லாத இடைநிலைக் கல்வி, கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 15ஆக உயர்வு என்று அந்தச் சட்டம் வாக்களித்தபோது அதற்கான வகுப்பறைகள் நாட்டில் இல்லை. போரின்போது புதிய பள்ளி கட்டும் வேலை நின்றுபோயிருந்தது. இருந்தவற்றிலும் பல குண்டுவீச்சில் சேதமடைந்திருந்தன. இதற்கிடையே பிறப்புக் கணக்கு தலைகீழாக மாறியது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்து 1941இல் பிறந்த குழந்தைகள் 5,79,000, 1947இல் 8,81,000. அந்த 1947ஆம் ஆண்டுக் குழந்தைகள் 1952இல் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள் என்பதைக் கணக்கிட நிபுணர்கள் தேவைப்படவில்லை. கல்வி அமைச்சர் எலன் வில்கின்சன் அமைச்சரவையில் வாதாடி, வயது உயர்வை 1947 ஏப்ரல் 1 அன்றே நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதை உறுதி செய்துகொண்டார். அந்த நாளைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். கூடுதலாக ஓராண்டு பள்ளியில் இருக்கப்போகும் பிள்ளைகளுக்காக நாடெங்கும் ஒரே அச்சில் கான்கிரீட் கொட்டகைகள் போடப்பட்டன. ஹோர்சா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டம் அது. பழைய பள்ளிகளின் விளையாட்டுத் திடல் ஓரத்தில், கல்நார் சிமென்ட் கூரையோடு, எந்த ஊர், எந்த வயதுப் பிள்ளைகள் என்ற கேள்வியே இல்லாமல் அவை இறங்கின. தற்காலிகம் என்ற பெயரில் வந்த பல கொட்டகைகள் பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தன. அவசரத்துக்கு அது உதவியது, மறுக்கவில்லை. சிக்கனத்தை யோசிக்காமல் செய்தால் பள்ளி எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சியாகவும் நின்றது.

கொட்டகைகள் ஒரு வகுப்பின் கூடுதல் பிள்ளைகளுக்குப் போதும். புதிதாக உருவாகும் ஊர்களுக்கு முழுப் பள்ளிகளே தேவைப்பட்டன. 1946ஆம் ஆண்டுப் புதுநகரச் சட்டத்தின்படி லண்டனைச் சுற்றி எழுந்த ஸ்டீவனேஜ் போன்ற இடங்களின் புதுக் குடியிருப்புகளில் ஒட்டுப்போடுவதற்குப் பழைய பள்ளியே கிடையாது. பணமோ மிக நெருக்கடியில் இருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கொரியப் போர் தொடங்க, ஆயுத உற்பத்தி எஃகை விழுங்கிக்கொண்டது. செங்கல்லும் கொத்தனாரும் வீடு கட்டும் திட்டத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளி கட்டுவது உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. அதற்கு அது கடன் வாங்க வேண்டும். கடன் வாங்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். செலவு வரம்பின் கடிவாளம் அங்கேதான் இருந்தது. திட்டம் வரம்பைத் தாண்டினால் அனுமதி இல்லை, அனுமதி இல்லையென்றால் பள்ளி இல்லை. ஒரு பள்ளிக்கு இவ்வளவு, ஒரு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை ஒதுக்கியிருந்தாலும் கருவூலத்துக்கு அதே மிச்சம் கிடைத்திருக்கும். ஆனால் அமைச்சகம் ஒரு பிள்ளைக்கான இடத்தை அலகாக எடுத்துக்கொண்டது. நான் இதைத்தான் இந்தக் கதையின் முதல் திருப்பமாகப் பார்க்கிறேன். மொத்தத் தொகைக்கு வரம்பு போட்டால், பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்தோ சிலரை வெளியே நிறுத்தியோ கணக்கை நேர்செய்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. பிள்ளைகள் கூடினால் பணமும் கூடியாக வேண்டும்.

இந்த வரம்பு எங்கிருந்தோ குதித்த எண் அல்ல. ஹெர்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் கிடைத்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அங்கே கல்வி அதிகாரியாக ஜான் நியூசம், மாவட்டக் கட்டடக் கலைஞராக சி. எச். ஆஸ்லின், அவருக்குத் துணையாக ஸ்டிராட் ஜான்சன்-மார்ஷல், அவர்களோடு டேவிட் மெட், மேரி க்ரௌலி என்று இளம் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்திருந்தார்கள். கொத்தனார் கிடைக்காததால் தொழிற்சாலையில் செய்த எஃகுச் சட்டங்களையும் கான்கிரீட் பலகைகளையும் கொண்டுவந்து பூட்டினார்கள். செஷன்ட் ஊரில் கட்டிய பர்லி மழலையர் பள்ளியில் தொடங்கி, பத்தாண்டுக்குள் நூறு பள்ளிகளை எழுப்பிவிட்டார்கள். அந்தக் குழுவின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம், அதன் கை எதுவரை எட்டும், உட்கார்ந்தால் கண் எந்த மட்டத்தில் இருக்கும் என்று அளந்து பார்த்துத்தான் கட்டினார்கள். கைகழுவும் தொட்டி, சட்டை மாட்டும் கொக்கி, சன்னல் விளிம்பு எல்லாம் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவந்தன. வகுப்புக்குள் நுழையும் மழலை யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தன் கோட்டைத் தானே மாட்டிவிட்டு, குழாயைத் தானே திறந்து கை கழுவ முடிந்தது. அதே மாவட்டத்தில், ஸ்டீவனேஜின் பார்க்லே பள்ளி வாசலில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பமான ‘குடும்பம்’ நிறுத்தப்பட்டது. கேம்பிரிட்ஜ்ஷரின் இம்பிங்டன் பள்ளிக்காக முதலில் எண்ணப்பட்டுப் பணமில்லாமல் கைவிடப்பட்ட சிற்ப யோசனை, பணம் இன்னும் இறுகிய காலத்தில் இங்கே நிறைவேறியது. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதில் தெளிவு இருந்தவர்களின் வேலை அது.

1948இல் ஜான்சன்-மார்ஷலை அமைச்சகம் தன் தலைமைக் கட்டடக் கலைஞராக அழைத்துக்கொண்டது. மெட்டும் க்ரௌலியும் பின்னாலேயே வந்தார்கள். நிர்வாகத் தரப்பில் ஆன்டனி பார்ட் என்ற அதிகாரி. ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு நிர்வாக அதிகாரியும் சம அதிகாரத்தோடு ஒரே பிரிவை நடத்துவது அன்றைய லண்டன் அலுவலகங்களில் புதுமை. அந்தப் பிரிவு வரம்பை அறிவித்துவிட்டுக் கோப்பை மூடிவைக்கவில்லை. தானே ஓர் உள்ளாட்சி மன்றத்தோடு சேர்ந்து, தான் போட்ட வரம்புக்குள்ளேயே பள்ளி கட்டத் தொடங்கியது. வோக்கிங்ஹாம் ஊரின் செயின்ட் கிறிஸ்பின் பள்ளி அப்படி எழுந்த முதல் பள்ளி. ஹெர்ட்ஃபோர்ட்ஷரில் எஃகுச் சட்டம் 8 அடி 3 அங்குலக் கட்டங்களில் வந்தது. 27 அடி நீள அறை வேண்டுமானால் மூன்று கட்டம் போதாது, நான்காவது கட்டம் போட்டால் 33 அடி ஆகிவிடும். தேவையில்லாத ஆறு அடிக்கும் தரை, கூரை, சன்னல் எல்லாம் போட்டாக வேண்டும். வோக்கிங்ஹாமில் கட்டத்தை 3 அடி 4 அங்குலமாகச் சுருக்கினார்கள். எட்டுக் கட்டம் போட்டால் 26 அடி 8 அங்குலம். அறை தேவைக்கு நெருங்கி வந்துவிட்டது. இப்படி எங்கே எவ்வளவு மிச்சமாயிற்று, எது சரியாக வரவில்லை என்பதை வரைபடத்தோடும் விலையோடும் அச்சிட்டு எல்லா மன்றங்களுக்கும் அனுப்பினார்கள். 1949 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கட்டட அறிக்கை வரிசையைப் படித்த ஒரு மாவட்டப் பொறியாளர், மேலிடத்து உத்தரவைப் படிப்பதாக உணர்ந்திருக்க மாட்டார். தன் தொழிலை அறிந்த இன்னொருவர் தன் வேலையை விரித்துக் காட்டுவதாகவே அவருக்குப் பட்டிருக்கும்.

இந்த முயற்சியின் உயிர்நாடி ஒரு கணக்கு முறையில் இருந்தது. இது வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படாத விஷயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கட்டட ஒப்பந்தத்தின் விலைப்பட்டியல் அதுவரை தொழில்வாரியாக இருந்தது. மண்வேலைக்கு இவ்வளவு, கொத்து வேலைக்கு இவ்வளவு, தச்சு வேலைக்கு, பூச்சு வேலைக்கு, வண்ணத்துக்கு என்று. மொத்தம் எவ்வளவு செங்கல் என்று அதில் தெரியும்; வெளிச்சுவருக்கு என்ன ஆயிற்று, கூரைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. ஏனென்றால் ஒரு சுவரின் விலை கொத்தனார் பக்கத்தில் பாதியும் பூச்சுக்காரர் பக்கத்தில் மீதியுமாகச் சிதறிக் கிடக்கும். ஜேம்ஸ் நிஸ்பெட் முதலான குவான்டிட்டி சர்வேயர்கள், அதாவது கட்டட அளவையும் செலவையும் கணக்கிடுபவர்கள், அந்தப் பட்டியலைக் கலைத்து உறுப்புவாரியாக அடுக்கினார்கள். அடித்தளம், சட்டகம், கூரை, வெளிச்சுவர், சன்னல், உட்தடுப்பு, தரை, வெப்பமூட்டல், விளக்கு, வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் தரைப்பரப்பில் ஒரு சதுர அடிக்கு எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ் என்று எழுதினார்கள். 1951இல் வந்த நான்காவது அறிக்கை இந்த முறையை விளக்கியது. இரண்டு பள்ளிகளை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இங்கே சன்னலுக்கு மட்டும் ஏன் இத்தனை அதிகம் என்ற கேள்வி உடனே எழும். வெளிச்சுவர் தேவைக்கு மேல் வளைந்து நெளிந்து ஓடுகிறது என்ற பதிலும் அதிலேயே கிடைக்கும். வரைபடம் முடிந்த பின் விலை கேட்டு அதிர்ந்து, கடைசி நேரத்தில் வண்ணத்தையும் அலமாரியையும் வெட்டும் பழைய வழக்கம் இதனால் தேவையற்றுப் போயிற்று. முதல் கோடு போடும்போதே கூரைக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொண்டு வரைந்தார்கள். இன்று எந்த நாட்டில் பெரிய கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டாலும் உறுப்புவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தில் இந்தப் பள்ளிக் கணக்கின் சாயல் உண்டு.

எது குறைந்தது? முந்தைய பள்ளிகள் நீண்டு கிடந்தன. ஒரு தாழ்வாரம், அதன் ஒரு பக்கம் மட்டும் வகுப்பறைகள், காற்றும் வெளிச்சமும் இரு புறமும் வரட்டும் என்ற நல்லெண்ணம். அதற்கான விலை, பிள்ளைகள் நடந்து போவதற்கு மட்டுமே பயன்படும் பரப்பு, முடிவில்லாமல் நீளும் வெளிச்சுவர், குழாய், வடிகால். புதிய வரைபடங்களில் தாழ்வாரம் சுருங்கியது, பல இடங்களில் மறைந்தே போயிற்று. கூடமே மதிய உணவு அறையும் ஆனது. கோட்டு மாட்டும் தனி அறை போய், வகுப்புக்குப் பக்கத்திலேயே கொக்கிகள் வந்தன. மிச்சமான மூலைகள் வாசிக்கவும் மண் பிசையவும் செடி வளர்க்கவும் ஆகின. மொத்தப் பரப்பு குறைந்தும் கற்பிக்கும் பரப்பு குறையாததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஒரு பக்கம் செலவுக்கு மேல்வரம்பு இறங்கியபோது, மறுபக்கம் 1951ஆம் ஆண்டு விதிகள் அறைவாரியான நுணுக்கக் கட்டளைகளைக் கைவிட்டு, ஒரு பிள்ளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கற்பிக்கும் பரப்பு என்று கீழ்வரம்பை உறுதிப்படுத்தின. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே கட்டுபவருக்கு முழுச் சுதந்திரம். மேல்கோடு மட்டும் இருந்திருந்தால் முதலில் சுருங்கியிருப்பது வகுப்பறைதான். ஏனென்றால் அதைச் சுருக்குவதுதான் எல்லாவற்றிலும் எளிது.

இதற்கு அன்றே ஒரு மறுப்பு எழுந்தது. கூடமும் உணவறையும் ஒன்றானால் உடற்பயிற்சி வகுப்பு சாப்பாட்டு நேரத்தோடு மோதும். தடுப்புச் சுவர் மெலிந்தால் பக்கத்து வகுப்பின் சத்தம் கேட்கும். தாழ்வாரம் போனால் ஒரு வகுப்பு வழியாக இன்னொரு வகுப்புக்கு நடக்க நேரும். இவையெல்லாம் உண்மையான குறைகள். 1951 இறுதியில் ஆட்சி மாறி ஃப்ளாரன்ஸ் ஹார்ஸ்பரோ அமைச்சரானதும் புதிய பள்ளிகளின் எண்ணிக்கையே குறைக்கப்பட்டது. விலைவாசி ஏறியபோதும் வரம்பு அதற்கு ஈடாக ஏறவில்லை. அந்த ஆண்டுகளின் இறுக்கத்தை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எதிர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். கிடைக்கும் பணமும் எஃகும் அவ்வளவுதான் என்ற நிலையில், 200 பவுண்டுப் பள்ளிகளையே கட்டிக்கொண்டிருந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு இடம் தரும் பணத்தில் ஏழு பிள்ளைகளே உட்கார்ந்திருப்பார்கள். மீதி மூன்று பேர் தேவாலயக் கூடத்திலோ ஹோர்சா கொட்டகையிலோ இருந்திருப்பார்கள். தாழ்வாரம் இல்லாத பள்ளிக்கும் பள்ளியே இல்லாமைக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அது, அவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. மிச்சம் வந்தது வரம்பால் அன்று, தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்ததால்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆதாரம் இதை ஆதரிக்கவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷர் தொழிற்சாலைப் பாகங்களுக்குப் போனது கொத்தனார் தட்டுப்பாட்டால்தான், மலிவுக்காகப் போகவில்லை. அமைச்சகம் எந்த முறையையும் கட்டாயமாக்கவில்லை. ஐம்பதுகளில் வரம்புக்குள் எழுந்த பள்ளிகளில் பெரும்பாலானவை செங்கல்லால் பழைய முறையில் கட்டப்பட்டவைதான். மிச்சத்தின் ஊற்று வரைபடத்திலும் கணக்கிலும் இருந்தது. பாகம்செய் முறை தன் முழுத் திறமையைக் காட்டியது பிறகுதான். நாட்டிங்ஹாம்ஷர் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மாவட்டம். சுரங்கம் தோண்டிய இடத்தில் நிலம் அமிழும், மேலே நிற்கும் கட்டடம் பிளக்கும். கனமான அடித்தளம் போட்டால் தாங்கும், ஆனால் அந்தச் செலவு வரம்புக்குள் அடங்காது. டொனால்ட் கிப்சன் தலைமையிலான கட்டடக் கலைஞர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். மெல்லிய கான்கிரீட் தளம், அதன்மேல் மூட்டுகளில் அசையக்கூடிய எஃகுச் சட்டகம், குறுக்குத் தாங்கிகளில் சுருள்வில். நிலம் அமிழ்ந்தால் பள்ளியும் கூடவே மெல்ல இறங்கி மீண்டும் நிமிரும். 1957இல் பல மாவட்டங்கள் சேர்ந்து இந்த முறைக்காக கிளாஸ்ப் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 1960இல் மிலான் கண்காட்சியில் அந்த முறையில் நிறுத்திக் காட்டிய பள்ளிக்கு உயரிய பரிசு கிடைத்தது. பணக்கார நாடொன்றில் தடையில்லாமல் செலவழிக்க விட்டிருந்தால் இந்த யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது வரம்பு எண்ணியவற்றின் கதை. எண்ணாமல் விட்டதில் முதலாவது காலம். ஒரு பிள்ளைக்கு 140 பவுண்டு என்றால் கட்டி முடிக்கும் நாள்வரை ஆகும் செலவு. அந்தப் பள்ளி முப்பது ஆண்டு நிற்குமா, நூறு ஆண்டு நிற்குமா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் இடமில்லை. கட்டுவது கடன் கணக்கில், பழுது பார்ப்பதும் வெப்பமூட்டுவதும் ஆண்டுச் செலவுக் கணக்கில். முதல் கணக்கை அமைச்சகம் பென்ஸ் பென்ஸாகக் கண்காணித்தது. இரண்டாவது கணக்கு உள்ளூர் வரியிலிருந்து போயிற்று, அதை யாரும் இவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. ஒரு கட்டடக் கலைஞர் ஓட்டுக்கூரைக்குப் பதில் தட்டைக் கூரை போட்டால் மிச்சம் இந்த ஆண்டே அவர் கணக்கில் தெரியும். ஒழுகும்போது அது வேறொருவர் கணக்கு. 1945ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மேசைக்கும் இவ்வளவு பகல் வெளிச்சம் விழ வேண்டும் என்று கேட்டன. அதற்காகப் பெரிய சன்னல்கள், எடையைக் குறைக்க மெல்லிய சுவர்கள். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் நடுக்கம். நிலக்கரியும் எண்ணெயும் மலிவாக இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வெப்பமூட்டும் செலவு பள்ளிகளைக் கசக்கியது. கட்டடம் வாழ்நாள் முழுதும் விழுங்கும் செலவைக் கணக்கிடும் முறை அறுபதுகளிலேயே ஆங்கிலேயக் கட்டட ஆய்வாளர்களிடம் இருந்தது. ஆகவே அறியாமல் விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு கணக்குக்கும் இரண்டு எசமானர்கள் இருந்ததால் விட்டார்கள்.

எழுபதுகளில் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. விரைவில் இறுகும் ஒருவகை அலுமினாச் சிமென்ட், தொழிற்சாலை அச்சுகளை ஒரே நாளில் திருப்பி எடுக்க உதவியதால் உத்திரங்களுக்குப் பெருமளவு பயன்பட்டிருந்தது. காலப்போக்கில் அது வலுவிழக்கும் என்பது 1973இல் லண்டனின் கேம்டன் பெண்கள் பள்ளிக் கூடத்தின் கூரை சரிந்தபோதும், 1974 பிப்ரவரியில் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரை விழுந்தபோதும் நாட்டுக்குத் தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாட்டிங்ஹாம்ஷரில் கிளாஸ்ப் முறையில் கட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து 18 பேர் இறந்தார்கள். பாகம்செய் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே தடுப்பில்லாத வெற்றிடம் நெருப்புக்கு வழிவிட்டிருந்தது. பிறகு ராக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காற்றேற்றிய கான்கிரீட் பலகைகள். நம் ஊரில் இன்று சுவருக்கு வைக்கும் ஏ.ஏ.சி. கற்களைப் போன்ற இலேசான பொருள்தான், ஆனால் உள்ளே கம்பி வைத்துக் கூரைப் பலகையாக வார்க்கப்பட்டது. ஐம்பதுகளிலிருந்து தட்டைக் கூரைகளுக்குச் சிக்கனமான தீர்வாக அது பரவியது. சுமார் முப்பது ஆண்டு ஆயுள் என்று மதிப்பிடப்பட்ட பலகைகள் ஐம்பது, அறுபது ஆண்டுகளாகத் தலைக்கு மேல் இருந்தன. 1996இலேயே கட்டட ஆராய்ச்சி நிலையம் அவற்றின் விரிசலையும் தொய்வையும் பற்றி எழுதியது. 2018 ஜூலையில் கென்ட் மாவட்டத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில், ஒரு வார இறுதியில், ஆசிரியர் அறையின் கூரை விழுந்தது. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கையில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்தப் பலகைகள் உள்ள பகுதிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அப்படியானால் 1949ஆம் ஆண்டு வரம்பே குற்றவாளியா? அப்படிச் சொல்வது ஆதாரத்துக்கு அப்பால் போவதாகும். அதே பலகைகள் மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் இருந்தன. அங்கே ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. அந்தக் காலத்தின் பொதுவான நம்பிக்கை அது. வரம்பு செய்த தவறு இன்னும் குறிப்பானது. கட்டும் விலையை மட்டும் அளவுகோலாக்கியதால், நீண்ட நாள் உழைக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது பாராட்டு தரவில்லை, குறுகிய ஆயுள் பொருளைத் தேர்ந்தவரைத் தடுக்கவும் இல்லை. குறுகிய ஆயுளே பாவம் என்றும் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டில் மாற்றுவோம் என்று தெரிந்து கட்டி, முப்பதாம் ஆண்டில் மாற்றினால் அது நேர்மையான சிக்கனம். மாற்றுவதற்கான பணத்தை யார் எப்போது ஒதுக்குவார்கள் என்று எழுதி வைக்காமல் கட்டியதுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் 1951ஆம் ஆண்டு அமைச்சகத்தைவிட அதற்குப் பின் வந்த அமைச்சகங்களுக்கே பங்கு அதிகம்.

பிந்தைய நிகழ்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. 2004இல் எல்லா இடைநிலைப் பள்ளிகளையும் புதுப்பிக்கும் 55 பில்லியன் பவுண்டுத் திட்டம் தொடங்கியது. கொள்முதல் நடைமுறைகளிலேயே காலமும் பணமும் விரயமாகின்றன என்ற குற்றச்சாட்டு அதன்மீது இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 2010 ஜூலையில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் அதை நிறுத்தினார். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் திட்டங்கள் கைவிடப்பட்டன. 2012இல் வந்த மாதிரி வரைபடங்களில் இடைநிலைப் பள்ளி 15 சதவீதமும் தொடக்கப் பள்ளி 5 சதவீதமும் சுருங்கின. வளைந்த சுவர் கூடாது என்பது வரை வழிகாட்டுதல் இறங்கியது. 1949இல் அமைச்சகம் விலையைச் சொல்லி வடிவத்தைக் கட்டுபவரிடம் விட்டது. 2012இல் வடிவத்தையே சொன்னது. முதலாவது ஏற்பாட்டில் நாட்டிங்ஹாம்ஷர் சுருள்வில்லைக் கண்டுபிடித்தது. இரண்டாவது ஏற்பாட்டில் அப்படிக் கண்டுபிடிக்கும் இடம் எங்கே இருக்கிறது? அதைவிடக் கனமான மாற்றம் வரம்பின் அலகில் நடந்தது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்பது பின்னுக்குப் போய், ஆண்டுக்கு இத்தனை பள்ளிகள் என்பது முன்னுக்கு வந்தது.

2023 ஜூனில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் பள்ளிக் கட்டடங்களில் 24,000, அதாவது 38 சதவீதம், வடிவமைப்பில் மதிப்பிட்ட ஆயுளைத் தாண்டி நின்றன. பெரிய பழுதோ மறுகட்டுமானமோ தேவைப்படும் பள்ளிகளில் 7 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். ஆண்டுக்கு 5.3 பில்லியன் பவுண்டு தேவை என்று கல்வித் துறையே கணக்கிட்டது, 4 பில்லியன் கேட்டது, சராசரியாக 3.1 பில்லியன் கிடைத்தது. அந்தச் செப்டம்பரில், துறையின் முன்னாள் செயலர் ஜானதன் ஸ்லேட்டர் வானொலியில் பேசினார். ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தும் நூற்றுக்கே பணம் கிடைத்தது என்றும், 2021இல் அது ஐம்பதாகப் பாதியாக்கப்பட்டது என்றும் சொன்னார். அப்போது நிதியமைச்சராக இருந்து பின் பிரதமரான ரிஷி சுனக், முந்தைய பத்தாண்டிலும் ஆண்டுக்கு ஐம்பது பள்ளிகள் என்ற விகிதம்தானே இருந்தது என்று பதில் தந்தார். அவர் சொன்ன விகிதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1951ஆம் ஆண்டின் நிஸ்பெட்டும் அவருடைய சகாக்களும் இந்த முடிவை எடுத்த மேசையில் இருந்திருந்தால் ஐம்பதா நானூறா என்ற கேள்வியோடு தொடங்கியிருக்க மாட்டார்கள். இந்தக் கூரையின் கீழ் ஒரு பிள்ளையை ஓர் ஆண்டு பத்திரமாக உட்கார வைக்க எத்தனை ஷில்லிங் ஆகிறது, அதில் பழுதுக்கு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, மாற்றிக் கட்டும் நாளுக்கு எடுத்துவைக்க வேண்டியது எவ்வளவு என்று உறுப்புவாரியாக எழுதிக் காட்டியிருப்பார்கள். கட்டும் செலவுக்கு அவர்கள் போட்ட பட்டியல் எழுபது ஆண்டுகளாக அமைச்சகத்திடம் இருக்கிறது. அதில் இந்த மூன்று வரிகளைச் சேர்க்கும் வேலையை அதற்குப் பின் வந்த எந்த அரசும் முழுமையாகச் செய்யவில்லை.